ஒரே படம், ஐந்து பெயர்: கோத்தகிரி ஊர் விக்கியில் இரட்டைகளைக் களைந்த பதிவு

கோத்தகிரி வட்டாரத்துக்கென்று நாங்கள் சிலர் சேர்ந்து ஒரு விக்கி, அதாவது பலர் கூடி எழுதித் திருத்தும் தளம், நடத்துகிறோம். நீலகிரியின் படகர் ஊர்களான ஹட்டிகளின் கதை, பெரியவர்களின் வாய்மொழி, வீட்டு அலமாரியில் கிடந்த ஆல்பம், பழைய கல்யாணப் பத்திரிகை என்று எது கிடைத்தாலும் அதில் ஏறும். மென்பொருள் மீடியாவிக்கி, விக்கிப்பீடியா ஓடுவதும் அதில்தான். எங்களுடையது ஒரு வாசகர் வட்டத்தின் அறையில், யூபிஎஸ்ஸோடு இணைத்த பழைய மேசைக் கணினியில் ஓடுகிறது. எழுதுகிறவர்கள் ஓய்வுபெற்ற ஆசிரியர்கள், தேயிலைத் தோட்டத்து மேஸ்திரிகள், கல்லூரிப் பிள்ளைகள், இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய குடும்பங்களின் பேரப்பிள்ளைகள். ஆர்வத்துக்குக் குறைவில்லை. ஒழுங்குக்குத்தான் பஞ்சம்.

2009 நவம்பர் மழையில் நீலகிரியில் மண் சரிந்து நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்ததை இங்கே யாரும் மறக்கவில்லை. அந்தப் பக்கத்தின் படத்தொகுப்பில்தான் சிக்கல் பளிச்சென்று தெரிந்தது. பாதி பெயர்ந்து தொங்கும் சாலை, ஓரத்தில் சாய்ந்த சில்வர் ஓக் மரம். அதே படம் ஐந்து பெயரில் இருந்தது. ஒன்று 'நிலச்சரிவு', இன்னொன்று 'லேண்ட்ஸ்லைடு புதியது', மூன்றாவது 'ஐஎம்ஜி' என்று தொடங்கி, நடுவில் தேதியும் கடைசியில் 'டபிள்யூஏ'வும் நான்கு இலக்கமும் கொண்ட வாட்ஸப் பெயர். நான்காவதின் விவரத்தில் 'இன்று காலை, மேட்டுப்பாளையம் சாலை' என்றே எழுதியிருந்தது. ஏற்றிய ஆண்டோ 2019. ஒவ்வொரு ஐப்பசி, கார்த்திகையிலும் இந்தப் படம் அன்றுதான் சரிந்ததுபோல ஊர்க் குழுக்களில் வலம் வரும். வாட்ஸப்பில் அதை யார் தடுக்க முடியும்? விக்கிக்குள் அப்படி நடந்தால் தடுக்கத்தான் வேண்டும்.

இந்த இரட்டைப் பிரதிகளைக் களையலாம் என்று பேச்செடுத்ததுமே, "எக்ஸ்ட்ராவையெல்லாம் டெலீட் பண்ணிடுங்க சார், டிஸ்க்காவது மிச்சமாகும்" என்றார்கள். டிஸ்க் மிச்சமாகாது. மீடியாவிக்கியில் நிர்வாகி ஒரு கோப்பை நீக்கினால் அது உண்மையில் அழிவதில்லை. நீக்கப்பட்டவற்றுக்கான தனிக் கோப்புறைக்குப் போய் உட்கார்ந்துகொள்ளும். வேண்டுமானால் மீட்கலாம். ஆகவே இந்த வேலை இடத்துக்காக அல்ல. எது மூலம், யார் எடுத்தது, யார் முதலில் எழுதியது என்ற தடம் கலைந்துபோகக் கூடாது என்பதற்காக. எங்கள் விக்கியின் உரிமம் கிரியேட்டிவ் காமன்ஸ் வகை: எடுத்துக்கொள்ளலாம், மாற்றலாம், ஆனால் ஆக்கியவருக்குப் பெயர் சொல்லவேண்டும், அதே உரிமத்தில் பகிரவேண்டும். விக்கியில் அந்தப் பெயர்கள் இருக்குமிடம் பக்கத்தின் வரலாறு, அதாவது யார் எப்போது எதை மாற்றினார் என்ற பதிவு. அதைத் தொலைத்துவிட்டுப் பக்கத்தை மட்டும் அழகாக வைத்திருந்து என்ன பயன்?

முதலில் காப்பு நகல். தரவுத்தளம் முழுவதும் ஒரு பிரதி, படக் கோப்புறை அப்படியே ஒரு பிரதி, எல்லாத் திருத்தங்களோடும் பக்கங்களின் எக்ஸ்எம்எல் ஏற்றுமதி ஒன்று. மூன்றும் வெளி வட்டில் ஏறி, அந்த வட்டு வேறு வீட்டுக்குப் போனபிறகுதான் கை வைத்தேன். மீடியாவிக்கியில் கோப்பை நகர்த்தும்போது இரண்டு வேலை நடக்கிறது: தரவுத்தளத்தில் பெயர் மாறும், வட்டிலும் கோப்பு இடம் மாறும். நடுவில் மின்சாரம் போனால் தரவுத்தளம் தன் பங்கைத் திரும்பப் பெற்றுக்கொள்ளும். வட்டில் இடம் மாறிய கோப்புக்கு அந்த வசதி இல்லை. எங்கள் பக்கம் மழைக்காலத்தில் மரம் விழுந்து மின்கம்பி அறுவது புதிதல்ல. யூபிஎஸ் மின்கலத்தை மாற்றிவிட்டு ஆரம்பித்ததை இந்த வேலையின் முதல் படி என்றே சொல்வேன்.

எழுத்துக்கு எழுத்து ஒன்றான கோப்புகளைக் கண்டுபிடிப்பது சுலபம். ஏற்றப்படும் ஒவ்வொரு கோப்புக்கும் மீடியாவிக்கி ஷா-1 என்ற முறையில் ஒரு கைரேகை கணக்கிட்டு வைத்துக்கொள்கிறது. கோப்பின் பெயர் என்னவாக இருந்தாலும் உள்ளே இருக்கும் பைட்டுகள் ஒன்றானால் கைரேகையும் ஒன்றுதான். இரட்டைக் கோப்புகளைப் பட்டியலிட ஒரு சிறப்புப் பக்கமே உண்டு. ஒரு விஷயம் மட்டும் கவனிக்கவேண்டும்: அந்தப் பட்டியல் ஒவ்வொரு கோப்பின் கடைசிப் பதிப்பை மட்டும்தான் ஒப்பிடும். ஒரு கோப்பின் பழைய பதிப்பும் இன்னொன்றின் இன்றைய பதிப்பும் ஒன்றாக இருந்தால் அதில் வராது. அதற்குத் தரவுத்தளத்தில் பழைய பதிப்புகளின் அட்டவணையையும் சேர்த்துக் கேட்கவேண்டும். நான் கேட்டேன், அதிலும் சில சிக்கின.

இத்தனைக்கும் ஏற்றும்போதே எச்சரிக்கை வரும். 'இதே கோப்பு ஏற்கெனவே உள்ளது' என்று சொல்லும். முன்பு நீக்கப்பட்ட கோப்பாக இருந்தால் அதையும் சொல்லும். பக்கத்திலேயே 'எச்சரிக்கைகளைப் பொருட்படுத்தாதே' என்ற பெட்டி இருக்கிறதே, அதைத் தட்டிவிட்டுப் போகிறார்கள். பென் டிரைவிலிருந்து மொத்தமாக ஏற்றியபோது இன்னும் நிறையப் புகுந்துவிட்டது. மொத்த ஏற்றத்துக்கான நிரலில் இரட்டைகளைத் தவிர்க்க ஒரு தெரிவு உண்டு. கட்டளையில் சேர்த்தால்தான் வேலை செய்யும்.

இரண்டில் எதை வைப்பது? பைட்டுக்குப் பைட் ஒன்று என்றால், முதலில் ஏறியதை வைத்தோம். பொதுவாக, விக்கிப்பீடியாவுக்கான படங்கள் சேரும் விக்கிமீடியா பொதுவகத்திலும் மூத்ததற்கே முன்னுரிமை. ஆனால் பிந்தியதில் விவரம் நன்றாக எழுதியிருந்தால் அதை மூத்ததற்குக் கொண்டுவந்து, தொகுப்புச் சுருக்கத்தில் (மாற்றத்தோடு எழுதும் சிறுகுறிப்பில்) 'இன்ன கோப்புப் பக்கத்திலிருந்து, எழுதியவர் இன்னார்' என்று குறித்தோம். நீக்கிய பெயரில் ஒரு வழிமாற்று வைத்தோம்; அந்தப் பெயரில் வருகிறவரை, வைத்துக்கொண்ட கோப்புக்கு அது அனுப்பிவிடும். இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். வழிமாற்று இருந்தால் பழைய பெயரைப் பயன்படுத்தும் பக்கங்களில் படம் உடையாது. யாரோ எப்போதோ கடிதத்தில் எழுதிவைத்த சுட்டியும் சரியான இடத்துக்கே வரும்.

இதுவரை நடந்தது மேலோட்டமான துப்புரவு. நிலச்சரிவுப் படத்தின் ஐந்து பிரதிகளில் இந்த வழியில் சிக்கியது ஒரே ஒரு ஜோடி.

காரணம் வாட்ஸப். சாதாரணமாக அனுப்பும் படத்தை அது சுருக்கி, மறுபடி அமுக்கி, கேமரா எழுதிவைத்த தகவலையும் உரித்துவிட்டுத்தான் கொடுக்கிறது. எடுத்த தேதி, கேமரா மாதிரி எல்லாம் போய்விடும். கண்ணுக்கு அதே படம், கணினிக்கு முற்றிலும் வேறு கோப்பு. ஒரு பைட் மாறினாலும் ஷா-1 மொத்தமாக மாறிவிடுமே! படத்தை நிமிர்த்திச் சேமித்தாலும் அப்படித்தான். ஆவணமாக இணைத்து அனுப்பினால் மட்டும் கோப்பு அப்படியே போகும். இதை எங்கள் ஆட்களிடம் சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது, அவர்களுக்கும்தான்.

இப்படிப்பட்ட 'கிட்டத்தட்ட இரட்டை'களைப் பிடிக்கப் படத்தின் சாயலைக் கணக்கிடும் முறைகள் உள்ளன. பைத்தானில் இதற்கென்றே நூலகம் கிடைக்கிறது. எளிமையானது சராசரி முறை: படத்தை எட்டுக்கு எட்டு கட்டமாகச் சுருக்கி, கறுப்பு வெள்ளையாக்கி, ஒவ்வொரு கட்டமும் சராசரியைவிட வெளிச்சமா இருட்டா என்று பார்த்து ஒன்று அல்லது சுழியம் போடும். மொத்தம் 64 இலக்கம். இரண்டு படங்களுக்கு எத்தனை இலக்கம் வேறுபடுகிறது என்று எண்ணினால் போதும்.

சமவெளியில் இது எப்படி வேலை செய்யுமோ தெரியாது, கோத்தகிரியில் மூடுபனி கெடுத்துவிட்டது. எங்கள் படங்களில் முக்கால்வாசி ஒரே அமைப்பு: மேலே வெள்ளையாகப் பனி, கீழே இருட்டாகத் தேயிலைச் சரிவு. சராசரி முறைக்கு எல்லாமே மேல் பாதி ஒன்று, கீழ் பாதி சுழியம். கோடநாட்டில் எடுத்ததும் அரவேணுவில் எடுத்ததும் குன்னூர்ப் பாதையில் எடுத்ததும் ஒரே படம் என்று அடித்துச் சொன்னது. அதைவிட வேடிக்கை, பழைய புகைப்படங்களின் பின்புறத்தை வருடி (ஸ்கேன் செய்து) ஏற்றியிருந்தோமே, அவையும் ஒரே கூட்டமாக வந்து நின்றன. பழுப்பேறிய வெறும் அட்டை, மூலையில் ஸ்டூடியோ முத்திரை, பென்சிலில் ஒரு தேதி. கணினிக்கு அது வெற்றுத் தாள். எங்களுக்கு அந்தப் படத்தின் ஆண்டைச் சொல்லும் ஒரே சாட்சி.

அடுத்து, பக்கத்துப் பக்கத்துக் கட்டங்களை ஒப்பிடும் வேறுபாட்டு முறைக்கு மாறினேன். ஒன்பதுக்கு எட்டாகச் சுருக்கி, ஒவ்வொரு கட்டமும் தன் வலப்பக்கத்துக் கட்டத்தைவிட வெளிச்சமா என்று பார்க்கும். அதுவும் 64 இலக்கம்தான், ஆனால் சரிவுகளை ஓரளவு பிரித்தறிந்தது. வெறும் பனி மட்டும் நிறைந்த படங்களில் அதற்கும் திணறல். வித்தியாசமே இல்லாத இடத்தில் எதை ஒப்பிடுவது? கடைசியில் இரண்டு முறைகளிலும் பத்து இலக்கத்துக்குள் வேறுபடும் ஜோடிகளை மட்டும் சந்தேகப் பட்டியலில் போட்டு, கண்ணால் பார்த்து முடிவெடுத்தோம். ஆள் பார்க்காமல் எதையும் நீக்குவதில்லை என்று ஆரம்பத்திலேயே எழுதிவைத்திருந்தது நல்லதாகப் போயிற்று. கேத்தரின் அருவியை அரவேணுப் பக்கமிருந்து எடுத்ததும், குன்னூர் டால்பின்ஸ் நோஸ் காட்சிமுனையிலிருந்து எதிர்ச்சரிவில் வெள்ளை நூலாகத் தெரிவதை எடுத்ததும் அருவி ஒன்றானாலும் படம் இரண்டுதான். அப்படியே இரண்டையும் வைத்தோம்.

நிலச்சரிவுப் படத்துக்கு வருவோம். ஐந்தில் ஒன்றில் மட்டும் கேமராத் தகவல் மிஞ்சியிருந்தது. அதில் எடுத்த தேதி 2005 ஜனவரி 1. மின்கலம் தீர்ந்து, கடிகாரம் தொடக்கத்துக்குத் திரும்பிய கேமரா என்பது அந்தத் தேதியைப் பார்த்தாலே புரியும். தேதி பொய்யானாலும் கோப்பு மூலக்கோப்பு. அளவிலும் அதுதான் பெரியது. ஏற்றியவரைக் கேட்டபோது, தன் மாமா எடுத்தது என்று சொல்லி அதே கேமராவின் அடுத்தடுத்த எண்ணுள்ள படங்களையும் கொண்டுவந்தார். அந்தக் கோப்பே நிலைத்தது. 'இன்று காலை' என்று விவரம் எழுதியவரின் கோப்பு வழிமாற்றானது. அவர் எழுதியதை முழுவதுமாக மறைக்கவில்லை. கோப்போடு உள்ள, கலந்து பேசுவதற்கான பேச்சுப் பக்கத்தில், 2019இல் இந்தப் படம் எப்படிச் சுற்றியது என்று ஒரு குறிப்பாக இருக்கிறது. வதந்தி எந்த ஆண்டு வந்தது என்பதும் ஒரு தகவல்தானே.

எனக்கு மிகவும் பிடித்த வழக்கு ஒரு தேயிலை ஆலையின் குழுப்படம். ஒரு அக்கா சட்டத்துக்குள் இருந்த படத்தைச் செல்பேசியில் எடுத்து ஏற்றியிருந்தார். கண்ணாடியில் குழல்விளக்கு வேறு தெரிந்தது. ஆனால் நிற்பவர்கள், உட்கார்ந்திருப்பவர்கள் அத்தனை பேர் பெயரையும் இடமிருந்து வலமாக விசாரித்து எழுதியிருந்தார். பின்னால் ஒரு கல்லூரித் தம்பி அதே படத்தைச் சட்டத்திலிருந்து எடுத்து, வருடியில் 600 டிபிஐ துல்லியத்தில் வருடித் தனிக் கோப்பாக ஏற்றினான். விவரம்: 'பழைய போட்டோ'. இதில் எதை நீக்குவது? இரண்டையும் நீக்கத் தேவையில்லை. அக்காவின் கோப்புப் பக்கத்தில் 'புதிய பதிப்பை ஏற்று' என்ற வசதி இருக்கிறது. அதன் வழியாக நல்ல வருடலை மேலே ஏற்றினால், அக்காவின் படம் கோப்பு வரலாற்றில் பழைய பதிப்பாகத் தேதியோடும் பெயரோடும் இருக்கும், பெயர்ப் பட்டியலுக்கும் ஒன்றும் ஆகாது. நான் ஏற்றினால் அந்த வரியில் என் பெயர் விழும். அதனால் தம்பியையே அழைத்து ஏற்றச் சொன்னேன். "என் ஃபைல் என்னாகும் அண்ணா?" என்றான். "உன் ஃபைல்தான்டா மேல இருக்கு, பழைய பேரு இதுக்கு வழிகாட்டும்" என்றதும் சமாதானம்.

இப்படி மேலே ஏற்றுவதற்கு ஓர் எல்லை வைத்தோம். அதே படத்தின் தெளிவான பிரதி, லேசான வெட்டு, சாய்வைச் சரிசெய்வது, இவை பரவாயில்லை. வண்ணமேற்றியது கூடாது. கறுப்பு வெள்ளைப் படத்துக்குச் செல்பேசிச் செயலியில் நிறம் பூசி, மூலத்தின் மேலேயே ஏற்றிவிட்டார் ஒருவர். பேரகணி ஹெத்தையம்மன் திருவிழாப் படம். படகர்கள் வெள்ளை உடுத்தி வரும் விழா. செயலி பாதிப் பேருக்கு வெளிர்நீலமும் சிலருக்குப் பழுப்பும் கொடுத்திருந்தது. நல்லவேளை, மீடியாவிக்கியில் மேலே ஏற்றினாலும் பழையது அழியாது. கோப்பு வரலாற்றில் பழைய பதிப்புக்கு எதிரே உள்ள 'மீளமை'யை அழுத்தினால் அது மறுபடி மேலே வரும்; இடையில் நடந்ததும் வரலாற்றில் பதிவாகவே இருக்கும். வண்ணப் படத்தைத் தனிப் பெயரில் வைத்து, மூலத்துக்கு ஒரு சுட்டி கொடுத்தோம்.

கட்டுரைப் பக்கங்களின் இரட்டைகளில் பாதி, எழுத்துக் குறியீட்டால் வந்தவை. படகர் தலைவராகவும் சென்னை மாகாணச் சட்டமன்ற உறுப்பினராகவும் இருந்த ஆரி கௌடருக்கு இரண்டு பக்கங்கள். பட்டியலில் இரண்டு தலைப்புகளும் ஒன்றாகவே தெரிந்தன. ஒன்றில் 'கௌ' சரியான ஔகாரக் குறியோடு. மற்றொன்றில் ஒற்றைக் கொம்பு போட்டு, பக்கத்தில் ளகரத்தைத் தட்டிய 'கெள'. கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. கௌடர் என்ற பெயர் வீட்டுக்கு வீடு உள்ள ஊரில் இது எத்தனை இடத்தில் இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். ஒகரத்தைக் கொம்பும் காலுமாகத் தனித்தனியே தட்டினால், ஒரே எழுத்தின் வெவ்வேறு குறியீட்டு வடிவங்களை ஒன்றாக்கும் யூனிகோடு சீர்மைப்படுத்தலில் தானாகச் சேர்ந்துவிடும், மீடியாவிக்கி அதைச் செய்துவிடுகிறது. ளகரம் உண்மையான எழுத்து என்பதால் அதைத் தொடாது. கோவில் பெயர்களில் வரும் 'ஸ்ரீ'க்கும் இதே கதை: ஸகரத்தில் தொடங்கும் ஒன்று, ஶகரத்தில் தொடங்கும் ஒன்று. சில தட்டச்சு முறைகள் கண்ணுக்குத் தெரியாத இணைப்பு நீக்கிக் குறியையும் நடுவில் விட்டுவிடும்.

ஒரு நிரலைப் போட்டு எல்லாவற்றையும் மாற்றிவிடலாமே என்று தோன்றும். கொம்பும் ளகரமும் வரும் இடமெல்லாம் மாற்றினால் 'வெளி'யும் 'தெளிவு'ம் சிதைந்துபோகும். ளகரத்துக்குப் பின் புள்ளியோ உயிர்க்குறியோ இல்லாத இடங்களை மட்டும் பார்த்தால் 'பெளர்ணமி', 'செளகரியம்' போன்றவை சரியாகச் சிக்கும். அதிலும் ஒரு பொறி இருந்தது. எங்கள் வாய்மொழிப் பதிவுகளைப் பேசியபடியே எழுதியிருக்கிறோம். "அப்போல்லாம் உருளைக்கெழங்கு நல்லா வெளஞ்சது" என்று ஒரு பாட்டி சொல்கிறார். நிரலை நம்பியிருந்தால் அந்த 'வெளஞ்சது' 'வௌஞ்சது' ஆகியிருக்கும். ஆகவே தலைப்புகளில் மட்டும், ஒவ்வொன்றாகப் பார்த்து மாற்றினோம்; பழைய வடிவம் வழிமாற்றாக நிற்கிறது, தவறாகத் தட்டித் தேடுகிறவருக்கும் பக்கம் கிடைக்கவேண்டுமே. மாற்றங்களைத் தானியங்கிக் கணக்கிலிருந்து, தானியங்கி என்ற அடையாளத்தோடு செய்தேன். இல்லையென்றால் 'அண்மைய மாற்றங்கள்' பட்டியல் முழுக்க இதுவே நிறைந்து, மற்றவர்கள் எழுதுவது கண்ணில் படாது.

இரண்டு பக்கங்கள் இருந்தால் அவற்றின் வரலாறுகளை இணைப்பது தனி வேலை. இதில் இரண்டு வகை உண்டு. வகை தெரியாமல் தொடங்கினால் அவிழ்ப்பது கடினம்.

முதல் வகை, வெட்டி ஒட்டிய நகர்த்தல். 'கோடநாடு' என்ற பக்கத்தில் சிலர் வெகுகாலம் எழுதினார்கள். பிறகு ஒருவர் தலைப்பு சரியில்லை என்று நினைத்து, 'நகர்த்து' பொத்தான் இருப்பது தெரியாமல், மொத்த உரையையும் நகலெடுத்து 'கோடநாடு காட்சிமுனை' என்ற புதிய பக்கத்தில் ஒட்டிவிட்டு, பழையதை வழிமாற்றாக்கினார். புதிய பக்கத்தின் வரலாற்றைப் பார்த்தால் முழுக் கட்டுரையும் அவர் ஒரே மூச்சில் எழுதியதுபோல் இருக்கும். மற்றவர்களின் பெயர்கள் பழைய பக்கத்தில் ஒளிந்துகிடக்கும். இங்கே காலவரிசை தெளிவு: பழைய பக்கம் முடிந்த பிறகுதான் புதியது தொடங்குகிறது. வரலாறுகளை இணைக்கும் சிறப்புப் பக்கம் இதற்கென்றே இருக்கிறது. நிர்வாகி உரிமை வேண்டும். மூலப் பக்கம், சேரும் பக்கம் இரண்டின் பெயரையும் கொடுத்தால், சேரும் பக்கத்தின் முதல் திருத்தத்துக்கு முற்பட்டவற்றை மட்டும் நகர்த்த அனுமதிக்கும். பழைய பக்கத்தை வழிமாற்றாக்கிய அந்தக் கடைசித் திருத்தம் ஒட்டியதற்குப் பின்னால் வந்தது என்பதால் அது அங்கேயே நின்றுவிடும், அதுவும் வசதிதான்: வழிமாற்று தானாக அமைந்துவிடுகிறது. இணைத்தபின் வரலாற்றில், ஒட்டிய திருத்தத்துக்கும் அதற்கு முந்தையதற்கும் வேறுபாடு பார்த்தால் ஒன்றுமே இருக்கக் கூடாது. அப்படி வந்தால் இணைப்பு சரி.

இரண்டாவது வகை, இணையாக வளர்ந்த பக்கங்கள். 'ஹெத்தையம்மன் திருவிழா' என்று ஒரு டீச்சரும் அவரோடு சிலரும் எழுதிக்கொண்டிருந்தார்கள். அதே மாதங்களில் 'எத்தையம்மன் பண்டிகை' என்று வேறொரு ஹட்டியைச் சேர்ந்த இளைஞர்கள் தனியாக எழுதிவந்தார்கள். இரண்டுமே நல்ல பக்கங்கள். இவற்றின் வரலாற்றை முழுதாகச் சேர்க்க அந்தச் சிறப்புப் பக்கம் மறுத்துவிடும், காலம் ஒன்றன்மேல் ஒன்று படிவதால். குறுக்குவழி ஒன்று உண்டு: ஒன்றை நீக்கி, மற்றதை அந்தப் பெயருக்கு நகர்த்தி, நீக்கியதை மீட்டால் எல்லாத் திருத்தங்களும் ஒரே வரலாற்றில் வந்துவிடும். செய்யாதீர்கள். திருத்தங்கள் நேரப்படி வரிசையாகும். திங்கள் டீச்சர் எழுதியது, செவ்வாய் இளைஞர் எழுதியது, புதன் மறுபடி டீச்சர். வேறுபாடு பார்த்தால் ஒருவர் மற்றவரின் முழுக் கட்டுரையையும் அழித்து அழித்து எழுதியதுபோலத் தெரியும். நடக்காத சண்டைக்கு வரலாற்றுச் சான்று தயார்.

இந்த வகைக்கு உரையை மட்டும்தான் சேர்க்கவேண்டும். ஒரு பக்கத்தைத் தேர்ந்து, மற்றதிலிருந்து பத்தி பத்தியாகக் கொண்டுவந்து, ஒவ்வொரு முறையும் தொகுப்புச் சுருக்கத்தில் எந்தப் பக்கத்திலிருந்து வந்தது என்று சுட்டியோடு எழுதவேண்டும். மூலப் பக்கத்தை நீக்கக் கூடாது. வழிமாற்றாக்கி, வரலாற்றை அங்கேயே விடவேண்டும். இரு பேச்சுப் பக்கங்களிலும் ஒரு குறிப்பு. உரிமம் கேட்கும் பெயர்ச்சொல்லலுக்கு இது போதும். தமிழில் சுருக்கம் எழுதுவது முன்பெல்லாம் தனிச் சிரமம்: அதற்கான இடம் 255 பைட், எழுத்தைச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் மூன்று பைட், ஆக 85 குறியீட்டோடு முடிந்துவிடும். புதிய மீடியாவிக்கியில் 500 குறியீடு வரை எழுதலாம். பக்கத் தலைப்புக்கு அந்த 255 பைட் எல்லை இன்னும் இருக்கிறது. கோப்புப் பெயருக்கு இன்னும் குறைவு, 240. படத்தின் கதையையே பெயராக வைக்கிறவர்கள் அங்கேதான் முட்டிக்கொள்வார்கள்.

டீச்சர் முதலில் ஒத்துக்கொள்ளவில்லை. "நாங்க விசாரிச்சு எழுதுனதை அவங்க எழுதுனதோட கலந்துட்டா, யாரு சொன்னதுன்னு எப்படித் தெரியும் தம்பி?" என்றார். நியாயமான கேள்வி. இரண்டு ஹட்டிகளில் சொல்லப்படும் கதைகள் வேறு. ஆகவே விழாவின் பொது விவரங்களை மட்டும் சேர்த்துவிட்டு, கதைகளை அந்தந்த ஊர்ப் பெயரோடு தனித்தனிப் பிரிவுகளாக வைத்தோம். சொன்னவர் யார், பதிந்தவர் யார் என்பது ஒவ்வொரு பிரிவின் கீழும் அடிக்குறிப்பில். இரட்டை என்று நினைத்ததில் பாதி இரட்டையே இல்லை என்று அங்கேதான் புரிந்தது.

வரலாற்றைக் காப்பதே வேலை என்று இவ்வளவு சொன்னாலும், மறைக்கவேண்டிய வரலாறும் உண்டு. சிறு தேயிலை விவசாயி ஒருவரைப் பற்றிய பக்கத்தில் அவருடைய ஆதார் அட்டையைப் படமாக ஏற்றியிருந்தார்கள். யாரோ கவனித்து, எண்ணைக் கறுப்புப் பட்டையால் மறைத்துப் புதிய பதிப்பாக மேலே ஏற்றிவிட்டு, முடிந்தது என்று போய்விட்டார்கள். கோப்பு வரலாற்றில் ஒரு சொடுக்கில் பழைய பதிப்பு, எண்ணோடு. இப்படி இருப்பதைப் பலர் உணர்வதில்லை: குழுப்படத்தில் அக்காவின் பதிப்பைக் காப்பாற்றிய அதே வசதி இங்கே ஆளைக் காட்டிக்கொடுக்கிறது. நிர்வாகிக்குப் பழைய பதிப்பை மட்டும் தனியே நீக்கும் வசதி உண்டு. அதைச் செய்தேன். விவரத்திலும் எண்ணைத் தட்டச்சு செய்திருந்ததால் அந்தத் திருத்தங்களின் உரையையும் மறைத்தேன்; எழுதியவர் பெயரும் நேரமும் தெரியும், உள்ளடக்கம் தெரியாது. நீக்கியதும் சேவகக் கணினியில் மிஞ்சியிருக்கும் என்பதால், நிரந்தரமாக அழிக்கும் பராமரிப்பு நிரலை அந்தக் கோப்புக்கு மட்டும் ஓட்டினேன். வெளி வட்டிலிருந்த காப்பு நகலிலும் அது இருக்கிறதே! அதையும் எடுத்துவந்து, அழித்த பிறகான புதிய நகலை வைத்தோம். தாயகம் திரும்பியவர்களின் பழைய கடவுச்சீட்டுப் படங்களுக்கு அந்தந்தக் குடும்பத்தைக் கேட்டுத்தான் முடிவு. சிலர் இருக்கட்டும் என்றார்கள், சிலர் எடுத்துவிடச் சொன்னார்கள்.

இனிமேல் புகாமல் இருக்கச் செய்த ஏற்பாடுகள் கொஞ்சம்தான். ஏற்றும் படிவத்தின் மேலே இரண்டு வரி: வாட்ஸப்பில் வந்ததை ஏற்றாதீர்கள், எடுத்தவரிடம் ஆவணமாக அனுப்பச் சொல்லுங்கள். கோப்புப் பெயரில் ஊர், பொருள், ஆண்டு. ஆண்டு தெரியாவிட்டால் விட்டுவிடலாம், ஊகித்துப் போடவேண்டாம். சாயல் பார்க்கும் நிரல் வாரம் ஒருமுறை தானாக ஓடி, சந்தேக ஜோடிகளை ஒரு பராமரிப்புப் பக்கத்தில் எழுதிவைக்கும்; ஒருமுறை 'வேறு வேறு' என்று முடிவான ஜோடி மறுபடி வராமலிருக்கத் தனிப் பட்டியல் உண்டு. மூடுபனிப் படங்களால் அந்தப் பட்டியல்தான் இப்போது நீளமாக இருக்கிறது. 'நகர்த்து' பொத்தான் எங்கே இருக்கிறது என்பதைப் புதிதாக வருகிறவர்களுக்குக் கணக்குத் தொடங்கும் அன்றே காட்டிவிடுகிறோம். கேத்தரின் அருவிக்கு இன்னும் மூன்று எழுத்துக்கூட்டலில் மூன்று பக்கங்கள் இருக்கின்றன. எது தலைப்பு என்று பேச்சுப் பக்கத்தில் வாதம் ஓடிக்கொண்டிருக்கிறது, முடிந்ததும் இணைப்பேன்.